மேஸ்திரியின் இரண்டு கிராம்

“6-1-1987, செவ்வாய். ஆமைக் குட்டி ஒன்று. எடை 94 கிராம். இரண்டு நாளாக இரை இல்லை. கண் பாதி மூடியபடி. இடது மூக்கில் நுரை. சளி. படுக்கையைக் கனமாகப் போடச் சொன்னேன்.”

என் சொந்தக் குறிப்பேட்டில் உள்ள பதிவு இது. கையெழுத்தும் என்னுடையது. கால்நடை மருத்துவப் பணியில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்களுக்காக எதையாவது எழுதித் தரச் சொன்னதும், அலமாரியிலிருந்து முதலில் எடுத்தது இந்தப் பக்கத்தைத்தான். தேதியை விட்டுவிட்டால் ஏழு சிறு வாக்கியங்கள். முதல் ஐந்தும் நான் பார்த்தவை, கேட்டவை. ஆறாவது ஊகம். ஏழாவது, அந்தக் குட்டியைக் கொன்றிருக்கக்கூடிய பிழை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை இராஜபாளையத்தில். மார்கழி விடியலில் ஒலிபெருக்கிப் பாசுரத்தைக் கேட்டுக்கொண்டே கிளம்பி, ஜன்னல் ஓரத்தில் குளிர் அடிக்கும் பேருந்தில் போய் இறங்குவேன். பசு, எருமை, ஆடு, கோழி, அந்த ஊருக்கே உரிய வெள்ளை வேட்டைநாய்கள் என்று நாள் ஓடும். ஆமையைத் தொட்டதே இல்லை. கல்லூரியில் ஆமைக்கென்று ஒரு வகுப்புகூட நடந்ததில்லை.

அன்று காலை நாராயணன் அண்ணாச்சி வந்தார். ஊர் ஓரத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் சிறிய தறிக்கூடம் வைத்திருப்பவர். வழக்கமாக நாயோடு வருபவர், அன்று ஒரு பிஸ்கட் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“டாக்டரம்மா, மேஸ்திரிக்கு ஒடம்பு சரியில்ல.”

“அண்ணாச்சி, நான் மாட்டு டாக்டர். ஆளுங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“அட, ஆளு இல்லம்மா. செத்த இதப் பாருங்க.”

டின்னைத் திறந்தார். வெள்ளைத் துணிக் குவியலின் நடுவில் உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் விண்மீன்களாக விரிந்திருந்தன. நட்சத்திர ஆமை! படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். பஞ்சு ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் வழியில் பொட்டல்காட்டில் கண்டெடுத்துக் கொடுத்ததாம். தினமும் காலையில் தறிகளுக்கு இடையே ஊர்ந்து போய், ஒவ்வொரு தறிக்கும் முன்னால் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு நகருமாம். அதனால் மேஸ்திரி.

“சம்பளம் வாங்குற மேஸ்திரி இம்புட்டு ஒழுங்கா ரவுண்டு வரமாட்டான்” என்றார் அண்ணாச்சி. சிரிக்க முயன்றார், முடியவில்லை.

எனக்கு ஏற்பட்ட பரவசத்தை மறைக்க விரும்பவில்லை. மருந்துத் தராசில் பித்தளை எடைக்கற்களை வைத்து எடை பார்த்தேன். ஓட்டின் நீளத்தை அளந்தேன், வயிற்றுப் பக்கத் தகடுகளை எண்ணினேன், கோடுகளைக் குறிப்பேட்டில் வரைந்தேன். பக்கத்தில் நின்ற கம்பவுண்டர், “மேடம், வெளிய அஞ்சு மாடு நிக்குது” என்று இரண்டு முறை சொன்னார். அப்போதுதான் இடது மூக்குத் துளையில் ஒரு சிறு நுரை பொங்கி உடைந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. மார்கழிக் குளிர், ஈரக் காற்று, மூக்கில் நுரை. சளிதான்.

“குளிர் தாக்கியிருக்கு அண்ணாச்சி. வெயில்ல வையுங்க. படுக்கையை நல்லாக் கனமாப் போடுங்க.”

“துணிக்கா பஞ்சம்? அமுக்கிப் போட்டுருதேன்” என்று போனார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பசு இரை எடுக்கவில்லை என்று யார் வந்தாலும் என் வாயில் முதலில் வரும் கேள்வி, “சாணி போட்டுச்சா?” நூறு மாட்டுக்கு நூறு தடவை கேட்டிருப்பேன். அந்த ஆமைக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததால் கேட்காமல் விடவில்லை. புதிய உயிர் ஒன்று மேசைக்கு வந்ததும், எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததையும் நான் கீழே போட்டுவிட்டேன். விளக்கம் ஒன்று கிடைத்ததும் தேடுவதையும் நிறுத்திவிட்டேன்.

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பியதும் வீட்டில் இருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். இயற்கை வரலாற்றுத் தொகுதி ஒன்றில் நட்சத்திர ஆமைக்கு அரைப் பக்கம் இருந்தது. வறண்ட நிலம், புல், கள்ளி, மழைக்காலத்தில் சுறுசுறுப்பு. நோய் பற்றி ஒரு வரிகூட இல்லை. சளி என்று தீர்மானித்திருந்ததால் அது எனக்குக் குறையாகவும் படவில்லை.

சனிக்கிழமை, பத்தாம் தேதி, அண்ணாச்சி மறுபடியும் வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. டின்னை மேசையில் வைத்தார்.

குட்டியை எடுத்தேன். செவ்வாயன்று தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்ட அதே குட்டி, இப்போது கழுத்து தொங்கியபடி கிடந்தது. பின்கால்களைப் பிடித்து மெல்ல இழுத்தேன். எதிர்ப்பே இல்லை. நல்ல நிலையில் உள்ள ஆமையின் காலை அப்படி இழுத்தால் அது மிதித்துத் தள்ளும் என்று இன்று உங்களுக்குச் சொல்வேன். அன்று எனக்கு அது தெரியாது. ஆனாலும் அந்தத் தளர்ச்சி என் விரல்களுக்குப் புரிந்தது.

“எப்பல இருந்து இப்படி?”

“நேத்துல இருந்தும்மா. ஒண்ணும் தின்னல. முக்குது, முக்குது, ஒண்ணும் வரல.” மேசையருகே இன்னும் நெருங்கி வந்தார். “சீக்கிரம் எதாச்சும் பண்ணுங்க. தை பொறந்ததும் இதக் கொண்டுபோய் விட்டுருவேன்னு வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கேன். செத்த மேஸ்திரியவா கொண்டுபோய் விடுவேன்?”

தராசில் வைத்தேன். தொண்ணூற்று ஆறு.

எடைக்கற்களை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். தொண்ணூற்று ஆறு. ஆறு நாளாக இரை எடுக்காத குட்டி, நான்கு நாளில் இரண்டு கிராம் கூடியிருந்தது!

என்னிடம் இருந்த பெரிய குறை, கண்டதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைப்பது என்று என் அம்மா சொல்வார். அந்தக் குறைதான் அன்று காப்பாற்றியது. செவ்வாயன்று எடையைக் குறிக்காமல் விட்டிருந்தால், “இன்னும் நாலு நாள் பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பியிருப்பேன். ஏதோ உள்ளே போகிறது, எதுவும் வெளியே வரவில்லை. பயமும் மகிழ்ச்சியும் சேர்ந்தே வந்தன. கண்டுபிடிப்பின் வாசலில் நிற்கிறோம் என்பதும், நாம் தவறு செய்திருக்கிறோம் என்பதும் ஒரே நொடியில் தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

“அண்ணாச்சி, கடைசியா எப்போ வெளிக்குப் போச்சு?”

அவர் யோசித்தார். “ஒரு வாரம் இருக்கும்மா. மேலயும் இருக்கும்.”

“இது தின்னலன்னு யார் சொன்னா? எதைத் தின்னுச்சு, எங்க தின்னுச்சு? எனக்கு இது இருக்கிற எடத்தைப் பாக்கணும்.”

கம்பவுண்டரிடம் மாடுகளை ஒப்படைத்துவிட்டு அண்ணாச்சியின் ஸ்கூட்டரில் கிளம்பினேன். டின் என் மடியில்.

தறிக்கூடமும் வீடும் ஒரே சுற்றுச்சுவருக்குள். உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது துணியை. இட்லித் தட்டில் பேண்டேஜ் துணி, காபி வடிகட்ட பேண்டேஜ் துணி, தயிர்ப் பானையின் வாயில் பேண்டேஜ் துணி, துடைப்பதும் பொட்டலம் கட்டுவதும் அதேதான். வெளுத்து வந்த சரக்கில் ஒதுக்கப்பட்ட துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அந்த வீட்டில் சுத்தம் என்றால் அந்த வெள்ளைத் துணி.

அண்ணாச்சியின் மனைவி லட்சுமியம்மா அடுப்படியிலிருந்து வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுபவர். ஆமை வீட்டுக்கு ஆகாது என்று அதை வாசலுக்குள் விட மறுத்தவர் அவர்தான் என்று அண்ணாச்சி வழியில் சொல்லியிருந்தார்.

“ராமா, ராமா! போயிருச்சா?” என்றார்.

“உயிர் இருக்கும்மா. இதுக்கு என்ன குடுப்பீங்க?”

“நான் எதுக்குக் குடுக்கேன்? எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல” என்றவர், குரலைத் தணித்தார். “பப்பாளிப் பழம் தருவேன். நல்லாக் கொழஞ்ச பழமா. தரையில வச்சா மண்ணு ஒட்டுமேன்னு, சுத்தமான துணியில பெசஞ்சு வப்பேன்.”

அண்ணாச்சி வாயைப் பிளந்தார். “பேச்சுவார்த்தை இல்லையா? பழமா ஊட்டியிருக்கா!”

நான் டின்னுக்குள் இருந்த துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சில துண்டுகளில் மஞ்சள் கறை. கறை இருந்த இடத்தில் நூல் இழை இழையாகப் பிய்ந்திருந்தது, கடித்த அடையாளத்தோடு. பழத்தையும் துணியையும் அந்தக் குட்டிக்குப் பிரித்துத் தெரியவில்லை. நாராயணன் அண்ணாச்சிக்கு நான் சொன்ன வைத்தியம் என்ன? படுக்கையைக் கனமாகப் போடச் சொன்னேன். நஞ்சை இரட்டிப்பாக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

குட்டியைப் புரட்டினேன். வாலுக்கு அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. குனிந்து பார்த்தேன். நூல் முனை.

அடுத்து நடந்தது ஒரு கண் இமைக்கும் நேரம்தான். நூலோடு வாழ்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, இதை நீங்கள் தறிக்கூடம் எதிலும் பார்க்கலாம். துணியில் துருத்தி நிற்கும் நூல் முனையைக் கண்டால் அவர்கள் கை தானாகப் போய் இழுத்துவிடும். அண்ணாச்சியின் விரல்கள் நகம் கூட்டி அந்த முனையை நோக்கி வந்தன.

“இழுக்காதீங்க!”

அவர் கையை ஓங்கி அடித்தேன். முதலாளியை யாரும் அடித்துப் பார்த்திராத கூடத்தில் தறிகள்கூட நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றியது. பூனை ஒன்றின் குடலைக் கல்லூரியில் அறுத்துப் பார்த்தபோது கண்ட காட்சி கண்முன் நின்றது. நீள நூல் ஒன்று குடலுக்குள் ஓடி, ஒரு முனை எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும். மறுமுனையை இழுத்தால், சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தது போலக் குடல் மடிந்து சேரும், கிழியும். அதை அவருக்குச் சொன்னேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ அறுத்து எடுங்க” என்றார் லட்சுமியம்மா.

“இம்புட்டு சின்ன உயிரை மயங்க வச்சு ஓட்டை அறுக்க எனக்கு இங்க வசதியும் இல்ல, தைரியமும் இல்லம்மா.”

“வெளக்கெண்ணெய்?”

“விழுங்குற தெம்பே இல்ல. ஊத்துனா மூச்சுக்குழல்ல போயிரும்.”

“அப்போ என்னதான் செய்வீங்க?” அது லட்சுமியம்மாவின் குரல்தான், ஆனால் இப்போது அழுகை கலந்திருந்தது.

அது நியாயமான கேள்வி. என் முன் மூன்று வழிகள் இருந்தன. மெட்ராஸ் ரயிலில் அனுப்புவது. அங்கே கல்லூரியில் யாராவது பார்க்கக்கூடும், ஆனால் குளிரில் ஓர் இரவுப் பயணம். கண்டபடி மருந்து கொடுப்பது. அல்லது வெதுவெதுப்பான நீரில் வைத்து, அது குடித்து, உள்ளே இளகி, தானாக வெளியேறக் காத்திருப்பது. மூன்றாவதைத் தேர்வதற்கு எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உள்ளே இருக்கும் அந்த நூல் நீரில் இளகுமா, கம்பி போல நிற்குமா? அதை நான் எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது. ஆனால் அந்தக் கூடத்திலேயே யாருக்காவது தெரிந்திருக்கும்!

“அண்ணாச்சி, துணியைத் தொட்டே சொல்லுற ஆள் யார் இருக்காங்க?”

“பேச்சி!” என்று கத்தினார். “ஏட்டி பேச்சி, இங்க வா!”

மடிப்பு மேசையிலிருந்து பேச்சியம்மாள் வந்தார். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் நூல் வெட்டும் சின்னக் கத்திரி தொங்கியது. விஷயத்தைச் சொன்னேன். அவர் குட்டியின் வாலடியை உற்றுப் பார்த்தார்.

“மேஸ்திரி, சரக்கையே தின்னுட்டீரா?” என்று அதனிடம் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். “இது வெளுக்காத கோராத் துணி இல்ல டாக்டரம்மா. வெளுத்தது. முனை தொவண்டு கெடக்கு பாருங்க. கோரா நூலு வெறச்சு நிக்கும்.”

“நிச்சயமா?”

“செத்த இருங்க.” ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்தார். மூட்டையிலிருந்து வெளுக்காத துணித் துண்டு ஒன்றைப் போட்டார். அது மிதந்தது. அழுத்தினாலும் மேலே வந்தது. பிறகு டின்னிலிருந்து ஒரு துண்டைப் போட்டார். தண்ணீரைத் தொட்டதும் அது மூழ்கியது. ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. “வெளுத்த சரக்கு முங்கணும். முங்கலைன்னா நாங்க திருப்பி அனுப்பிருவோம். காயத்துல ரத்தத்தக் குடிக்கிற துணியில்லா? தண்ணியக் கண்டா விடாது.” ஈரத் துண்டிலிருந்து ஒரு நூலை உருவி இரு விரலால் இழுத்தார். சத்தமே இல்லாமல் அறுந்தது. “முறுக்கும் கம்மி. நனைஞ்சாலும் இம்புட்டுதான் பலம்.”

தண்ணீரைக் குடிக்கும் துணி, லேசாக இழுத்தாலே அறுந்துவிடும் நூல்! முப்பது வினாடி சோதனை ஒன்றில், நான்கு வருடம் படித்த எனக்கு எட்டாத விடை கிடைத்துவிட்டது. பேச்சியம்மாளைக் கட்டிப்பிடித்திருப்பேன், கையில் ஆமை இருந்தது.

தீர்மானித்தேன். அதோடு ஒரு கெடுவும் வைத்தேன். காத்திருக்கிறோம் என்று நாம் சொல்லும்போது பல சமயம் தீர்மானத்தைத் தள்ளிப்போடுகிறோம் என்றுதான் பொருள். காத்திருப்பதற்கு ஒரு முடிவு நேரம் குறித்துவிட்டால் அது வைத்தியமாகிவிடும். “நாளைக்கு மத்தியானம் வரை. அதுக்குள்ள ஒண்ணும் வரலைன்னா, அண்ணாச்சி, நீங்க சாயங்கால ரயிலைப் பிடிக்கணும். துணி மணி எடுத்து வச்சுக்கோங்க.”

அகலமான அலுமினியத் தட்டில் வெதுவெதுப்பான நீர், குட்டியின் தாடைக்குக் கீழே நிற்கும் ஆழம். முழங்கையை விட்டுப் பார்த்தேன், குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. குட்டியை வைத்தோம். கால் மணி நேரம் அசைவே இல்லை. ஆறிய நீரை எடுத்துவிட்டு வேறு ஊற்றினோம். திடீரென்று அது கழுத்தை நீட்டி மூக்கை நீரில் அமிழ்த்தியது. தொண்டை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

“குடிக்கு! குடிக்கு!” என்று அண்ணாச்சி கூவினார். நெசவாளர்கள் தறியை விட்டு ஓடி வந்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு மிடறு.

அன்று மாலை மறுபடியும் ஒரு முறை நீரில் வைத்தோம். நூல் முனை நகரவில்லை. டின்னில் இருந்த துணியையெல்லாம் கொட்டிவிட்டு, காய்ந்த வைக்கோலைப் பரப்பி, வெப்பத்துக்காக மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, இருட்டுவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தைப் பிடித்தேன். உறங்கினேனா என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் போய் இறங்கினேன். கூடத்துக்கு விடுமுறை, ஆனால் பேச்சியம்மாள் வந்திருந்தார். “வீட்டுல இருப்பு கொள்ளல” என்றார். அண்ணாச்சி துணிப்பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தார். லட்சுமியம்மா அடுப்படி வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார், பார்க்க மாட்டாராம்.

எட்டு மணிக்கு நீரில் வைத்தோம். குடித்தது. ஒன்பதுக்கு முற்றத்து வெயிலில் வைத்தோம். பின்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கியது. நேற்றுத் தொங்கிய கால்கள்! பத்துக்கு மறுபடியும் நீர். அது முக்கத் தொடங்கியது.

“வந்துதா?” வாசலிலிருந்து குரல்.

“இன்னும் இல்லம்மா.”

“தலச்சன் பிரசவம் கெட்டுச்சு போங்க” என்றார் பேச்சியம்மாள். “முக்கும்யா மேஸ்திரி, நல்லா முக்கும்.”

நூல் முனை நகர்ந்தது. ஒரு நெல் நீளம் இருந்தது ஒரு விரல் நீளமானது. பின்காலில் சிக்கப் போகிறதே என்று பேச்சியம்மாளின் கத்திரியை வாங்கி, வெளியே தெரிந்ததை மட்டும் வெட்டினேன், இழுக்காமல். அண்ணாச்சி தன் இரு கைகளையும் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், மறுபடியும் அவை தானாகப் போய்விடக் கூடாதென்று.

“வந்துதா?”

“அக்கா, இருங்க!” என்றார் பேச்சியம்மாள்.

பத்தே முக்கால். பொழுதைக் குறித்திருக்கிறேன். குட்டி கழுத்தை முழுவதும் நீட்டி, வாயைத் திறந்து, ஒரு சிறு சீறலை வெளியிட்டது. மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு திரள் மெல்ல மெல்ல நீரில் இறங்கியது. அதன் பின்னாலேயே ஒரு வாரத்துக் கழிவு. கலங்கிய அந்தத் தட்டைப் போல அழகான எதையும் நான் பார்த்ததில்லை.

“வந்துட்டு! வந்துட்டு!” என்று பேச்சியம்மாள் கத்த, லட்சுமியம்மா திரும்பி ஓடி வந்தார். தட்டைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். “ராமா!” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று நெடுநேரம் மூக்கைச் சிந்தினார். கையில் இருந்தது, வேறென்ன, பேண்டேஜ் துணி.

தராசை எடுத்து வந்திருந்தேன். தொண்ணூற்று இரண்டு.

பேச்சியம்மாள் அந்தத் திரளைக் கழுவி, மடிப்பு மேசையில் ஊசியால் இழை இழையாகப் பிரித்தார். அது பெரும்பாலும் ஒரே துண்டு. “மூணுக்கு மூணு இஞ்சு பீஸு” என்றார் பார்த்ததும். அவர் கையாலேயே வெட்டி ஒதுக்கியதாக இருக்கலாம். விரித்து நேராக்கி, மூலைகளைத் தொட்டு எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு.” மறுபடியும் எண்ணினார். “டாக்டரம்மா, நாலாவது மூலை இல்ல.”

டின்னிலிருந்து கொட்டிய துணியையெல்லாம் மேசையில் பரப்பித் தேடினோம். பாதித் துண்டுகள் பிய்ந்திருந்தன, மூலை இல்லாதவை பல. எது எதிலிருந்து பிய்ந்தது என்று பேச்சியம்மாளாலும் சொல்ல முடியவில்லை.

திங்களன்று குட்டி ஒரு செம்பருத்தி இதழைக் கடித்தது. புதன்கிழமை முருங்கைக் கீரை. அந்த வாரமே தறிகளுக்கு முன்னால் போய் நின்று கழுத்தை நீட்டியதாம். தை பிறந்தது, லட்சுமியம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகள் அங்கேயே வளர்ந்தது. கழுவிய கல் பலகையில் இரை வைப்பார், துணியில் வைப்பதில்லை.

உங்களில் சிலர் இதற்குள் கேட்டிருப்பீர்கள்: நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்க்கலாமா? கூடாது. அது காட்டுயிர், சட்டம் அப்போதும் இருந்தது. நான் அன்று நோயைப் பார்த்தேன், சட்டத்தைப் பார்க்கவில்லை. 1991-இல்தான் விவரம் அறிந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் இருவரும் சேர்ந்து போய் வனத்துறையிடம் ஒப்படைத்தோம். பேருந்தில் டின்னை அவர்தான் வைத்திருந்தார். உங்கள் மேசைக்கு இப்படி ஓர் உயிர் வந்தால் முதலில் உயிரைப் பாருங்கள், ஆனால் நான்கு ஆண்டு காத்திருக்காதீர்கள்.

சளி என்று நான் எழுதிய அந்த நுரையும் பொய்யில்லை, பத்து நாளில் அதுவும் நின்றது. தளர்ந்த உடம்பில் இரண்டும் சேர்ந்திருந்திருக்கலாம். ஒன்று கண்ணில் பட்டதால் இன்னொன்று இல்லாமல் போவதில்லை. அதன் பிறகு, எந்த விலங்கு வந்தாலும், நான் பார்த்திராத விலங்காக இருந்தால் கட்டாயமாக, மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் தொட்டேன்: எதைத் தின்றது, எதன் மேல் தின்றது, கடைசியாக எப்போது கழித்தது.

ஒப்படைத்த அன்று அதன் எடை ஒரு கிலோவைத் தாண்டியிருந்தது. கண் தெளிவு, கால் பலம், கழிவு சீர் என்று நானே எழுதிக் கையொப்பமிட்டேன். அந்த மூன்றும் உறுதி. நாலாவது மூலை குட்டியின் வயிற்றில் தங்கியதா, பின்னொரு நாள் யாரும் பார்க்காமல் வெளியேறியதா, அல்லது முதலிலிருந்தே அதன் வாய்க்குள் போகவில்லையா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.